55 நிமிடம்

வங்கியில் 34 வருடம் வேலை பார்த்தேன் என்றால் எல்லோரும் "எந்தக் கிளையில் சார்?" என்றுதான் கேட்பார்கள். கடைசிப் பன்னிரண்டு வருடம் நான் எந்தக் கிளையிலும் இல்லை. கம்ப்யூட்டர் பிரிவில், வாடிக்கையாளர் முகமே பார்க்காமல் கழிந்தது. அங்கே என்னதான் செய்தீர்கள் என்று காலை நடையில் ஒரு நண்பர் கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

2004 டிசம்பரில் சுனாமி வந்தது. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. சென்னையில் இருக்கும் நம் டேட்டா சென்டர் மூழ்கினால் என்ன ஆகும் என்று மேலிடம் கேட்டது. கணக்குகளின் இன்னொரு பிரதியைத் தொலைவில் வைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஹைதராபாத்தைத் தேர்ந்தெடுத்தோம். அங்கே கடல் இல்லை. அன்றைய நிலநடுக்க வரைபடத்திலும் சென்னை 3ஆம் மண்டலமாகவும் ஹைதராபாத் 2ஆம் மண்டலமாகவும் இருந்தன.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபம். இடையில் உள்ள தூரம்தான் பிரச்சினை. கண்ணாடி இழைக் கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். கேபிள் சுற்றிப் போவதால் 700 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்வர 7 மில்லி நொடி. ஸ்டோரேஜில் ஒரு பதிவு எழுத, "எழுதலாமா?" என்று கேட்டுவிட்டுப் பிறகு அனுப்புவதால், வழக்கமாக இரண்டு முறை போய்வர வேண்டும். ஆக 14 மில்லி நொடி. உள்ளூரில் ஒரு மில்லி நொடிக்குள் முடிகிற வேலை அது.

ரிஜிஸ்டர் தபால் அனுப்பிவிட்டு, அக்நாலெட்ஜ்மென்ட் கார்டு திரும்பி வந்த பிறகே அடுத்த கடிதம் எழுதுவேன் என்று உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? ஒரு கடிதமும் தொலையாது. ஆனால் வேலை நகராது. அதனால் சாதாரணத் தபால் முறையை எடுத்தோம். சென்னையில் எழுதிக்கொண்டே போவது, பிரதி பின்னால் போய்ச் சேரட்டும் என்று விடுவது. எவ்வளவு பின்னால் என்பதுதான் கேள்வி. ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பகலில் மணிக்கு 10 ஜி.பி. அளவுக்குத்தான் புதிய பதிவு விழும். 34 எம்.பி.பி.எஸ். லைனில் மணிக்கு 15 ஜி.பி. போகும். தாராளம் என்று நினைத்தேன். சராசரியைப் பார்த்துக் கணக்குப் போட்டது என் தவறு. அரையாண்டு வட்டி போடும் இரவை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

2006 செப்டம்பர் 30, இரவு 10 மணிக்கு வட்டி வேலை தொடங்கியது. 11.40க்கு யு.பி.எஸ். அறையில் புகை. டி.ஜி.எம். போனில் வந்தார்.

"என்னப்பா, ஹைதராபாத்துக்கு மாத்திடலாமா?"

திரையைப் பார்த்தேன். அந்த நூறு நிமிடத்தில் 55 ஜி.பி. எழுதப்பட்டிருந்தது. போய்ச் சேர்ந்தது 25. ஹைதராபாத்தில் மணி இன்னும் 10.45.

"சார், மாத்தினா 55 நிமிஷம் போயிடும்."

"வட்டியைத் திரும்பப் போட்டுக்கலாமேப்பா."

"வட்டியைப் போட்டுக்கலாம் சார். இந்த நேரத்துல ஏ.டி.எம்.ல எடுத்தவங்க, நெட்ல பணம் அனுப்பினவங்க கணக்கு?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அஞ்சு நிமிஷம்னுதானே எழுதிக் கொடுத்தே?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றும் காதில் இருக்கிறது.

வட்டி வேலையை நிறுத்தச் சொன்னேன். புதிய பதிவு குறைந்தால் பழையது போய்ச் சேரட்டும் என்று. ஆனாலும் மிச்சமிருந்த 30 ஜி.பி. போக இரண்டு மணி நேரம் வேண்டும். காத்திருப்பதைத் தவிர வழியில்லை. புகைந்தது ஒரு பேட்டரி வரிசை. ஊழியர்கள் அந்த யு.பி.எஸ்.ஸை மட்டும் துண்டித்தார்கள். இன்னொன்று சுமையைத் தாங்கியது. தப்பித்தோம். அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

மறுவாரம் என் தவறை நானே எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாற்றம் செய்தோம். உச்ச நேரப் பதிவை அளந்து லைனைப் பெரிதாக்கினோம். நகரத்திலேயே 25 கி.மீ. தள்ளி ஒரு சிறிய இடம் பிடித்தோம். அந்தத் தூரத்துக்கு இரண்டு முறை போய்வர அரை மில்லி நொடிதான், ரிஜிஸ்டர் தபால் முறை கட்டுப்படியாகும். அங்கே முழுப் பிரதி இல்லை. ஹைதராபாத்துக்குப் போய்ச் சேராத பதிவுகள் மட்டும். சென்னை மையம் விழுந்தால் அங்கிருந்து மிச்சத்தை அனுப்பிவிடலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் கரண்ட் இல்லை, போனும் பாதி நேரம் இல்லை. மூன்றாம் நாள் பழைய ஆபீஸ் தம்பி ஒருவர் லைனில் கிடைத்தார். சௌக்கியம் விசாரிப்பதற்கு முன்னால், "எவ்வளவு பின்னாடி?" என்று கேட்டுவிட்டேன்.

"முன்கூட்டியே ஹைதராபாத்துக்கு மாத்திட்டோம் சார். ஒரு பதிவுகூடப் போகல. நீங்க நல்லா இருக்கீங்களா?"

அதன் பிறகுதான் நான் அவர் வீட்டில் தண்ணீர் வந்ததா என்று கேட்டேன்.