சேரன்மகாதேவியைச் சுற்றி ஒரு நாள்

விடுமுறை வந்துவிட்டால் நம் குடும்பங்களில் குற்றாலம், கொடைக்கானல், வசதியுள்ளவர்களானால் துபாய் என்று பேச்சு எழுகிறது. பிறந்த மண்ணைச் சுற்றிச் சில கல் தொலைவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் விழிக்கின்றனர். சென்னையிலிருந்து என் நாத்தனார் மக்கள் வந்திருந்தபோது நெல்லையிலிருந்து ஒரு வேன் அமர்த்திக்கொண்டு, ஒரு பகல் முழுவதும் சேரன்மகாதேவிப் பக்கம் சுற்றிவருவது என்று முடிவு செய்தோம்.

தொலைவிலுள்ளதை முதலில் பார்த்துவிடுவோம் என்று அம்பாசமுத்திரத்தைக் கடந்து, கடையத்திற்கு அருகிலுள்ள பொட்டல்புதூருக்குச் சென்றோம். முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் அடக்கமாகியிருப்பது பக்தாதில். ஆயினும் அவர்கள் பெயரால் தாமிரபரணிச் சீமையில் எழுந்த இப்பள்ளிவாசலுக்கு ரபீயுல் ஆகிர் கந்தூரியின்போது முஸ்லிம்களும் இந்துக்களும் திரண்டு வருகின்றனர். கல்தூண்களும் மண்டபமுமாகக் கோயில் கட்டும் நம் நாட்டுச் சிற்பியரின் கைவண்ணமே அங்கு தெரிகிறது. கந்தூரியைப் பற்றி நம்முள் இருவேறு கருத்துகள் உண்டு. அந்த வழக்கில் நான் புகவில்லை. பிள்ளைகளுக்கு நான் சொன்னது வேறொரு செய்தி. 1920-இல், கடையத்தில் மனைவியின் ஊரில் வாழ்ந்துகொண்டிருந்த பாரதியார், இந்தப் பொட்டல்புதூருக்கு வந்து இஸ்லாத்தின் பெருமையைப் பற்றி உரை நிகழ்த்தினார். "பள்ளிப் பாடத்தில் இது இல்லையே மாமி!" என்றான் சிறியவன். பாடத்தில் இல்லாததைப் பார்க்கத்தானே வண்டி ஏறினோம்!

நண்பகலில் சேரன்மகாதேவிக்குத் திரும்பி ஆற்றங்கரையில் இறங்கினோம். இவ்வூரின் பழங்கோயில்களில் உள்ள சோழர் காலக் கல்வெட்டுகள் இதனை நிகரிலிச் சோழச் சதுர்வேதிமங்கலம் என்று குறிக்கின்றன. கன்னடியன் கால்வாய் பாயும் வயல்கள் கண்ணுக்கெட்டிய வரை பச்சை. பிள்ளைகள் நீராடி முடித்ததும் மர நிழலில் விரிப்பை விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த நெய்ச்சோற்றை ஸஹனில் கொட்டினோம். ஒரு ஸஹனுக்கு நால்வர். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பிறந்தது முதல் பழக்கம். அதில் வியப்படைய ஏதும் இருப்பதாக அவர்களுக்குத் தெரியாது.

அந்த ஸஹனைச் சுற்றி அமர்ந்துதான் குருகுலத்தின் கதையைச் சொன்னேன். வ.வே.சு. ஐயர் இலண்டனில் சட்டம் பயிலப் போய்ப் புரட்சி வீரராகத் திரும்பியவர். புதுவையில் பாரதியாருக்கு உற்ற நண்பர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அவர் தேசியக் கல்வி தருவதற்காக 1922-இல் தொடங்கிய குருகுலம் இந்தச் சேரன்மகாதேவியில் நடந்தது. காங்கிரஸ் பொருளுதவி செய்தது. பல சமூகத்தாரும் நன்கொடை தந்தனர். ஆனால் அங்கே பிராமணச் சிறுவர் சிலருக்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்பட்டது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் வீடு திரும்பி இதனைச் சொல்ல, செய்தி வெளியே பரவியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கடுமையாக எதிர்த்தனர். காந்தியடிகள் வரை வழக்குப் போயிற்று. 1925 ஜூனில் ஐயர், பாபநாசம் அருவியில் விழுந்த தம் மகளைக் காப்பாற்றப் பாய்ந்து உயிர்நீத்தார். அவ்வாண்டு நவம்பரில் பெரியார் காஞ்சிபுரம் மாநாட்டோடு காங்கிரஸை விட்டு வெளியேறினார். வகுப்புரிமைத் தீர்மானமே அதற்கு உடனடிக் காரணம் என்றாலும், இந்தப் பந்தியின் கசப்பும் அதில் கலந்திருந்தது. உயிரையும் துச்சமென மதித்த ஒரு மனிதரால் சில சிறுவரை ஒரே பந்தியில் அமர வைக்க இயலவில்லை என்பதை நினைக்கும்போது எனக்குக் கோபத்தைவிட வருத்தமே மிகுகிறது.

"தனியாகச் சாப்பிட்டால் அந்தப் பையன்களுக்குத்தானே மாமி கஷ்டம்?" என்று கேட்டான் சிறியவன், வாய் நிறையச் சோற்றோடு. நான் பதில் சொல்லவில்லை.

அஸர் தொழுதபின் அருகிலுள்ள பத்தமடைக்குச் சென்றோம். சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்த ஊர் அது. ஆனால் பத்தமடை என்றாலே பாய்தான். அதனை நெய்வோர் பெரும்பாலும் நம் சமுதாயப் பெண்களே. ஆற்றோரம் வளரும் கோரையை அறுத்து, காயவைத்து, ஓடும் நீரில் சில நாள் ஊறவைத்து, மறுபடியும் உலர்த்தி, மயிரிழைபோலக் கிழிக்கிறார்கள். தரையை ஒட்டிய தறியில் பருத்தி நூலைப் பாவாகக் கட்டி, கோரையை ஒவ்வோர் இழையாகக் குச்சியால் செலுத்தி அச்சால் அடிக்கிறார்கள். உயர்ந்த ரகத்துக்குப் பட்டு நூல். அதனைத் துணிபோல் மடித்துக் கையில் வைத்துக்கொள்ளலாம். 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இவ்வூர்ப் பாய் சென்றது என்பதை இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். அதை நெய்த கைகளின் பெயரைச் சொல்வோர் யாரும் இல்லை.

நாங்கள் சென்ற வீட்டில் வயது முதிர்ந்த ஒரு தாயார் தறியில் அமர்ந்திருந்தார். முதுகு வளைந்திருந்தது, கை மட்டும் நிற்கவில்லை. "உங்கள் பெண் மக்கள் நெய்வதில்லையா மாமி?" என்றேன். "மூத்தவ டீச்சர் வேலைக்குப் படிச்சிட்டா. சின்னவ தையல். நாள் பூரா குனிஞ்சிருந்து கிடைக்கிற கூலி இதுல என்னம்மா இருக்கு? நானே வேண்டாம்னுட்டேன்" என்றார். அந்தச் சொல்லில் குறை கூற எனக்கு வாய் எழவில்லை. ஐம்பது ரூபாய் வித்தியாசத்துக்காகப் பிளாஸ்டிக் பாய் வாங்குகிற நாம், அவர் பெண் ஏன் தறியில் அமரவில்லை என்று எந்த முகத்தோடு கேட்பது?

நாத்தனாரின் மூத்த மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருக்கிறது. மணமக்கள் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய் ஒன்று வேண்டுமென்று சொன்னோம். தாயார் தறியிலிருந்து எழாமலே, பெயர்களைத் தாளில் பெரிய எழுத்தாக எழுதித் தரச் சொன்னார். மணமகள் வெட்கப்பட, சிறியவன்தான் எழுதினான். தாயார் அதை விளக்கருகே பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். நிக்காஹ் என்றைக்கு என்று கேட்டார். மாதங்களை விரல்விட்டு எண்ணினார்.

"கண்ணு முந்தி மாதிரி இல்லம்மா. கொஞ்சம் முன்னாலயே சொன்னது நல்லதாப் போச்சு" என்று அந்தத் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடியும் கோரையை எடுத்தார்.