அம்மாவின் அறைக்கு ஒரு குளிரூட்டி

"பருத்தித்துறையில் குளிரூட்டி எதற்கு? வடக்கிலும் கடல், கிழக்கிலும் கடல். காற்றுக்கா பஞ்சம்?" என்று கேட்பவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எமது முன்னோர் வெய்யிலோடு வாழத் தெரிந்தவர்கள். தும்பளை வீதியில் இருக்கும் தெருமூடி மடத்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வீதிக்கு மேலேயே கூரை போட்டு, இரு பக்கமும் திண்ணை வைத்து, வழிப்போக்கர் நிழலில் ஆறிப் போக வழி செய்திருக்கிறார்கள். எமது பழைய நாற்சார் வீடுகளிலும் உயர்ந்த ஓட்டுக்கூரை, நடுவே முற்றம், சுற்றிவர விறாந்தை என்று காற்றுக்கும் நிழலுக்கும் இடம் இருந்தது.

இன்று நாம் கட்டும் வீடுகள் வேறு மாதிரியானவை. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் எழும்பிய வீடுகளிற் பல கொங்கிறீற் பிளாட் போட்டவை. பகல் முழுவதும் வெய்யிலை வாங்கிய பிளாட், பொழுதுபட்ட பிறகு அந்தச் சூட்டை அறைக்குள் இறக்குகிறது. வெளியே காற்று குளிர்ந்தாலும், நுளம்புக்கும் கள்ளருக்கும் பயந்து யன்னலைப் பூட்டிவிட்டுப் படுக்கிறோம். கடற்காற்று வேலிக்கு வெளியே நிற்க, நாங்கள் உள்ளே அவிந்துகொண்டிருக்கிறோம்.

எங்கள் வீட்டில் இது அம்மாவின் பிரச்சினையாக வந்தது. அம்மாவுக்கு 82 வயது. இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மருந்து எடுக்கிறார். அதில் ஒன்று உடம்பிலுள்ள நீரைச் சிறுநீராகப் போக்கும் மருந்து. சித்திரை, வைகாசி மாதங்களில் இரவில் நித்திரையின்றிப் புரள்வார். காலையில் தலைச்சுற்று. தண்ணீர் குடிக்கச் சொன்னால் "தாகமில்லை, பிள்ளை" என்பார். அது பிடிவாதம் அல்ல. வயது போகப் போக வியர்ப்பதும் தாகம் எடுப்பதும் குறைந்துவிடுகின்றன. உடம்பு சூடேறுவதை அந்த உடம்பே சரியாக அறிவிப்பதில்லை.

வெப்பத்தை நாம் ஒரு அசௌகரியமாகவே நினைக்கிறோம். 2003 ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பாவில் அடித்த வெப்ப அலையில் 70,000 இற்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிரான்ஸில் மாத்திரம் ஏறத்தாழ 15,000 பேர். அவர்களிற் பெரும்பாலானோர் முதியவர்கள். தனியே வசித்த மூதாட்டிகள் பலர் அதில் அடங்குவர். பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, பூட்டிய வீடுகளில் தனியே இருக்கும் வயதான தாய்மார் எமது வடமராட்சியில் எத்தனை பேர் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்தத் தாய்மாரிடம் குளிரூட்டியைப் போடச் சொல்லிப் பாருங்கள். "கரண்டே இல்லாமல் பிள்ளையளை வளர்த்தனாங்கள். உந்த மிசின் எனக்கு என்னத்துக்கு?" என்பதுதான் அம்மாவின் பதில். 1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கியபோது குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த தேசிய மின்சாரம் நின்றுபோனது. யாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுச் சிக்கன விளக்குக் கொளுத்திப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் இவர்கள். 2013 இல் கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு உயர் அழுத்தப் பாதை வந்து, குடாநாடு மீண்டும் தேசிய மின்வலையுடன் இணைந்தது. அதன் பிறகும் ஆள் இல்லாத அறையில் ஒரு மின்குமிழ் எரிந்தால் அம்மாவுக்குப் பொறுக்காது.

கனடாவிலுள்ள அண்ணா 2014 இல் வந்து நின்றபோது அம்மாவின் அறைக்கு ஒரு குளிரூட்டி பூட்டுவித்தார். அதன் வெளிப்பெட்டியை, இடம் வசதி என்று, கடலைப் பார்த்த வடக்குச் சுவரில் பொருத்தினார்கள். மூன்றாம் வருடத்திலிருந்து குளிர் குறையத் தொடங்கியது. திருத்த வந்தவர், "காஸ் முடிஞ்சுது, அன்ரி. வருசா வருசம் அடிக்கத்தான் வேணும்" என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போவார். 2024 இல் கொம்பிறசர் நின்றது. "பெரிசாய் ஒண்டு வாங்கு, காசைப் பற்றி யோசியாதை" என்று அண்ணா தொலைபேசியிற் சொன்னார். வாங்கும் காசு அவருடையதாக இருக்கலாம். மாதாமாதம் வரும் மின்பட்டியலும், தூசி தட்டுவதும், திருத்துபவரைத் தேடுவதும் வீட்டிலிருக்கும் பெண்ணுடையவை. ஆகவே இம்முறை இந்த இயந்திரம் என்ன செய்கிறது என்று விளங்கிக்கொண்டே வாங்குவது என்று தீர்மானித்தேன்.

விளங்கிக்கொள்வது கடினமாக இருக்கவில்லை. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. குளிரூட்டியிலும் அதுவே நடக்கிறது. ஒரு திரவம் உள்ளிருக்கும் குழாயில் ஆவியாகி, அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கொம்பிறசர் அந்த ஆவியை அமுக்கி வெளிப்பெட்டிக்கு அனுப்ப, அங்கே அது வெப்பத்தை வெளிக்காற்றிற் கொட்டிவிட்டு மீண்டும் திரவமாகி உள்ளே வருகிறது. இயந்திரம் குளிரை உற்பத்தி செய்வதில்லை. வீட்டிலிருக்கும் வெப்பத்தை வெளியே காவிச் சென்று போடுகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை தெரிகிறது. அந்தக் காஸ் மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. அடுப்பு எரிக்கும் காஸ் போல அது செலவாவதில்லை. குறைந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. ஒழுக்கைத் தேடி அடைக்காமல் வருடாவருடம் நிரப்புவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவதற்குச் சமம். எங்கள் பழைய பெட்டியைக் கழற்றியபோது பார்த்தேன். வாடைக் காலத்தில் கடலிலிருந்து வந்த உப்புக் காற்று அதன் அலுமினியத் தகடுகளை மாப்போல உதிரச் செய்திருந்தது. செப்புக் குழாயின் மூட்டில் பச்சை பூத்திருந்தது.

ஆகவே கடலோரத்தில் இருப்பவர்கள் முதலிற் பார்க்க வேண்டியது வெளிப்பெட்டியை வைக்கும் இடம். இம்முறை தெற்குப் பக்கத்தில், வீடே கடலுக்கு மறைப்பாக நிற்க, வேப்பமர நிழலில் வைத்தோம். சுற்றிவரக் காற்று போய்வர இடம் விட்டோம். உட்தகடுகளுக்கு அரிப்பைத் தாங்கும் பூச்சு உண்டா என்று கடையிற் கேட்டு வாங்கினோம். மாதம் ஒரு முறை மின்சாரத்தை நிற்பாட்டிவிட்டு, வெளிப்பெட்டியின் தகடுகளை மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறேன். கழுவுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். சவர்க் கிணற்று நீரால் கழுவினால் உப்பை உப்பாற் கழுவியதாகும்.

அடுத்தது அளவு. குளிரூட்டிகளை பி.ரி.யு. என்ற கணக்கில் விற்கிறார்கள். அது ஒரு மணித்தியாலத்தில் வெளியேற்றக்கூடிய வெப்பத்தின் அளவு. 12,000 பி.ரி.யு. என்பதை ஒரு தொன் என்பார்கள். ஒரு தொன் பனிக்கட்டியை ஒரு நாளில் உருக்கத் தேவையான வெப்பத்திலிருந்து வந்த பெயர் அது. அம்மாவின் அறை 10 அடிக்கு 12 அடி, அதாவது 120 சதுர அடி. எம்மைப் போன்ற வெப்பமான ஊர்களில் சதுர அடிக்கு 60 முதல் 70 பி.ரி.யு. என்று உத்தேசமாகக் கணக்கிடலாம். அப்படிப் பார்த்தால் 8,400 இற்குள் அடங்கும். மேலே பிளாட், மேற்கே வெய்யில் படும் சுவர் என்றால் இன்னும் கூட வேண்டும். கடையில் 18,000 வாங்கச் சொன்னார்கள். "கெதியாய்க் குளிரும்" என்றார்கள்.

கெதியாகக் குளிரும் என்பது உண்மைதான். அதில் ஒரு குறையும் உண்டு. 1902 இல் அமெரிக்காவின் புறூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகவே வில்லிஸ் கரியர் என்ற பொறியியலாளர் இந்த இயந்திரத்தை வடிவமைத்தார். ஈரக் காற்றிற் கடதாசி விரிந்து சுருங்கியதால் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியவில்லை. காற்றின் ஈரத்தை எடுப்பதே அங்கு தேவையாக இருந்தது. எமது கடலோர இரவுகளிலும் ஆளை வாட்டுவதிற் பாதி ஈரம். வியர்வை உலராததால் உடம்பு ஆறுவதில்லை. அளவுக்கு மிஞ்சிய குளிரூட்டி சில நிமிடங்களில் அறையைக் குளிர்த்திவிட்டு ஓய்ந்துவிடும். ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் கிடைப்பதில்லை. அறை குளிராகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். பின்னர் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும்.

நாங்கள் இயந்திரத்தைப் பெருப்பிக்காமல் அறையின் சூட்டைக் குறைத்தோம். பிளாட்டைத் துப்புரவாக்கி வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சுப் பூசினோம். வெள்ளை நிறம் வெய்யிலிற் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மேற்குச் சுவருக்கு அரையடி விட்டுக் கிடுகுத் தட்டி கட்டினோம். கதவின் அடி இடைவெளிக்கு இறப்பர் பட்டி அடித்தோம். இத்தனையும் செய்தபின் 9,000 பி.ரி.யு. போதுமாக இருந்தது. இந்த வேலைகளுக்கு ஆன செலவு, 9,000 இற்கும் 18,000 இற்கும் இடையிலான விலை வித்தியாசத்திலும் குறைவு.

மூன்றாவது, வகை. பழைய வகையிற் கொம்பிறசர் முழு வேகத்தில் ஓடும், அல்லது நிற்கும். இன்வேற்றர் வகையில் அது தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். இரவு முழுவதும் போடும் அறைக்கு இன்வேற்றர்தான் இலாபம். ஓரிரு மணித்தியாலம் மாத்திரம் போடுவதானால் மிச்சம் அவ்வளவு தெரியாது. காஸின் பெயரையும் பெட்டியிற் பாருங்கள். ஆர்-22 ஓசோன் படையைக் கெடுப்பதால், 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் படிப்படியாகக் கைவிடப்படுகிறது. ஆர்-410ஏ ஓசோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 2,000 மடங்கு வலியது. ஆர்-32 ஏறத்தாழ 675 மடங்கு. நாங்கள் ஆர்-32 எடுத்தோம். அது இலேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதால், அதில் வேலை பழகியவரைக் கொண்டே பூட்டுவிக்க வேண்டும்.

பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய செப்புக் குழாயையே பாவிக்கலாம் என்பார்கள். அதற்குள் பழைய எண்ணெயும் அழுக்கும் இருக்கும். புதியதே நல்லது. காஸைத் திறந்துவிடும் முன் பம்பு வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். இதற்கு நேரம் எடுக்கும் என்பதால் சிலர் தவிர்த்துவிடுகிறார்கள். எங்களுக்குப் பூட்டிய இளைஞரிடம் "தம்பி, பம்பு கொண்டுவந்தனீங்களோ?" என்று கேட்டேன். "அன்ரிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்று சிரித்துக்கொண்டே வாகனத்திலிருந்து எடுத்து வந்தார். பழைய பெட்டியின் காஸை வெளியில் விடாமற் சிலிண்டரில் எடுக்கும்படியும் கேளுங்கள். மீற்றர்ப் பெட்டியிலிருந்து தனி வயரும் தனிச் சுவிச்சும், சரியான எர்த்தும் இருக்க வேண்டும்.

இனி, எல்லோரும் பயப்படும் மின்பட்டியல். 2022 ஓகஸ்ட் மாதத்திலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் கடுமையாக உயர்ந்ததை எவரும் மறந்திருக்க மாட்டோம். எமது நாட்டில் பாவனை கூடக் கூட அலகின் விலையும் நிலையான கட்டணமும் படிப்படியாக ஏறுகின்றன. மாதம் 180 அலகைத் தாண்டினால் மிக உயர்ந்த படி. பழைய குளிரூட்டி ஓர் இரவில் ஏழு அலகு வரை எடுத்தது. அது மாத்திரமே மாதம் 200 இற்கு மேல். புதியதைப் பூட்டியபின் இரண்டு வாரம் இரவிலும் காலையிலும் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். எட்டு மணித்தியாலத்துக்கு மூன்றரை முதல் நான்கு அலகு. 26 பாகையில் வைத்து, மின்விசிறியை மெதுவாக ஓட விடுகிறோம். இந்தியாவில் 2020 ஜனவரி முதல் புதிய குளிரூட்டிகள் 24 பாகையில் தொடங்கும்படி சட்டம் செய்தார்கள். ஒவ்வொரு பாகை கூட்டி வைக்கும்போதும் ஏறத்தாழ 6 வீத மின்சாரம் மிச்சம் என்பது அவர்களின் கணக்கு. சோளகம் வீசும் இரவுகளில் யன்னலைத் திறந்துவிட்டு, குளிரூட்டியைப் போடுவதேயில்லை.

அந்தக் கொப்பியை அம்மாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு வரி வரியாகப் பார்த்தார். "உவ்வளவுதானோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து இரவு எட்டு மணிக்குத் தானே றிமோற்றை எடுத்து அழுத்துகிறார். பழைய குளிரூட்டி பத்து வருடம் சுவரில் இருந்தும் அம்மா அதைத் தன் கையாற் போட்டதில்லை. எவ்வளவு செலவாகும் என்று தெரியாத பயமே அவரைத் தடுத்திருந்தது. வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். கணக்கு விளங்காத தாய், இயந்திரத்தைத் துணி போட்டு மூடிவிட்டு வியர்வையிற் படுத்திருப்பார்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றது. எந்தக் குளிரூட்டியும் அப்போது உதவாது. ஈரத்துணியால் கழுத்தையும் கையையும் துடைத்துவிடுவது, வைத்தியரிடம் கேட்டு அளவறிந்து அடிக்கடி நீர் கொடுப்பது, நிழலான விறாந்தைக்குக் கூட்டிவந்து இருத்துவது என்பவை எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். முதியவர் உளறினாலோ, மயங்கினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக் காயவிட்டுப் போடுவது இப்போது ஞாயிற்றுக்கிழமை வேலைகளில் ஒன்றாகிவிட்டது. குழாயால் வடியும் தண்ணீரை வாளியிற் பிடித்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறேன். பக்கத்து வீட்டில் தனியே இருக்கும் ஆச்சியின் மகனும் லண்டனிலிருந்து குளிரூட்டிக்குக் காசு அனுப்பப் போவதாகச் சொல்லியிருக்கிறாராம். முதலிற் கூரைக்குச் சுண்ணாம்பு பூசுவோம், பிறகு அறையை அளப்போம் என்று ஆச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.