செவிலியின் எட்டு மாதம்

தமிழில் 'செவிலி' என்றொரு சொல் உண்டு. இன்று அது மருத்துவமனைத் தாதியரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. சங்க அகப்பாடல்களில் அவள் வேறொருத்தி. தலைவியைப் பெற்றவள் நற்றாய். சோறூட்டி, சீராட்டி வளர்த்தவள் செவிலி. தலைவி உடன்போக்கில் சென்றபின் சுரத்திடைத் தேடிப் போகிறவளும் அவளே. வளர்க்கும் பொறுப்பு முழுதும் தன்னுடையது, வளர்ந்தபின் உரிமை எதுவுமில்லை என்னும் இந்நிலைக்கு நம்மிடம் இத்தனை பழைய சொல் இருக்கிறது. இருந்தும், கைவிடப்பட்ட நாயொன்றை வேறொரு வீடு கிடைக்கும்வரை வைத்துப் பராமரிப்பதை எல்லோரையும் போல நாங்களும் 'ஃபாஸ்டர்' என்றே சொல்லி வந்தோம். எட்டு மாதங்களுக்குப் பிறகே பழைய சொல் நினைவுக்கு வந்தது.

எங்களிடம் 2024 ஜூலையில் வந்து சேர்ந்தது ஒரு லாப்ரடார். கிழக்குக் கடற்கரைச் சாலையோரத் தேநீர்க் கடையொன்றின் பின்னால் நான்கு நாட்களாகப் படுத்துக் கிடந்ததை விலங்கு நல ஆர்வலர்கள் சிலர் தூக்கி வந்திருந்தனர். கழுத்தில் பட்டையின் தடம் இருந்தது, பட்டை இல்லை. பற்களைப் பார்த்து ஐந்து வயது என மதித்தார்கள். எடை 41 கிலோ. ஆண் லாப்ரடார் 29 முதல் 36 கிலோவுக்குள் இருப்பதே முறை. இலக்கணப்படி நாய் அஃறிணை என்றாலும் மூன்றாம் நாளே எங்கள் வீட்டுப் பேச்சில் 'அது', 'அவன்' ஆகிவிட்டது. இங்கும் அப்படியே எழுதுகிறோம். பழைய பெயர் தெரியவில்லை. டைகர், ராக்கி, சீசர், பிரௌனி என்று தெரிந்த பெயர்களையெல்லாம் அழைத்துப் பார்த்தோம். எதற்கும் காது அசையவில்லை. மணி என்று வைத்தோம்.

படுத்தவன் எழுவதைப் பார்த்தாலே சிக்கல் புரிந்தது. முன்னங்கால்களை ஊன்றி, உடலை முன்னால் இழுத்து, பின்பகுதியைக் கடைசியாகத் தூக்குவான். நடக்கையில் இடுப்பு இருபுறமும் ஆடும். சற்று விரைந்தால் பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து முயலைப் போலத் துள்ளுவான். பாரமெல்லாம் முன்னுக்குச் சென்றதால் மார்பும் தோளும் பருத்து, தொடைகள் சூம்பியிருந்தன. ஆனால் ஒருமுறைகூட முனகியதில்லை. வலியை நாய் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. படியேறுவது, கட்டிலில் தாவுவது, வாசலுக்கு ஓடிவருவது என ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறது. வீட்டிலிருப்பவர்கள் "வயசாச்சு, சமத்தாயிட்டான்" என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றோம். 1903-இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்த மூதாட்டிக்கும் பாரசீகப் பூனையைக் கூடையில் கொண்டு வந்திருந்த மாணவிக்கும் நடுவே மணி படுத்துக்கொண்டான். மயக்க மருந்து கொடுத்து, மல்லாத்திக் கிடத்தி, பின்னங்கால்களை நேராக நீட்டி எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கினார். தொடையெலும்பின் தலை பந்துபோல இருக்கவேண்டும். அது இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் ஆழமாக அமர்ந்திருக்கவேண்டும். மணியின் படத்தில் கிண்ணம் தட்டுப்போல ஆழமற்றிருந்தது. பந்து தேய்ந்து காளானைப் போலத் தட்டையாகி, பாதி வெளியே நின்றது. ஓரங்களில் புதிய எலும்பு முளைத்திருந்தது. "இது குணமாகாதுங்க. ஆனா நல்லா வச்சுக்கலாம்" என்றார். அடுத்து வந்த மாதங்களில் நாங்கள் செய்தது அனைத்தும் அந்த இரண்டாவது வாக்கியத்துக்கான உரைதான்.

ஹிப் டிஸ்பிளேசியா என்று இதற்குப் பெயர். நாய்களில் இது முதலில் விவரிக்கப்பட்டது 1935-இல். பிறக்கும்போது மூட்டு பார்வைக்குச் சரியாகவே இருக்கும். வளரும் மாதங்களில் மூட்டு தளர்ந்து, பந்து கிண்ணத்துக்குள் நிலைகொள்ளாமல் உராய்ந்து உராய்ந்து இரண்டும் உருக்குலைகின்றன. பல மரபணுக்கள் சேர்ந்து கடத்தும் நோய் இது. குட்டிப் பருவத்தில் அளவுக்கு மீறி ஊட்டி வேகமாக வளரவிட்டால் கடுமையாகும். இனப்பெருக்கத்துக்கு முன் நாய்களின் இடுப்பைப் படமெடுத்துத் தரம் பிரிப்பதற்கென்றே அமெரிக்காவில் 1966-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. இங்கே குட்டி வாங்கச் செல்பவர்கள் தலை பெரிதா, நிறம் எப்படி, சான்றிதழ் உண்டா என்று கேட்பதைப் பார்த்திருக்கிறோம். தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்ட எவரையும் நாங்கள் இதுவரை சந்தித்ததில்லை.

அறுவை சிகிச்சையும் ஒரு வழியாகச் சொல்லப்பட்டது. பந்தை அறுத்தெடுத்துவிட்டால் சுற்றியுள்ள தசையும் நாரும் சேர்ந்து ஒரு போலி மூட்டை உருவாக்கிக்கொள்ளும். எடை குறைந்த நாய்களில் அது நன்றாகப் பலிக்கும். 41 கிலோவை வைத்துக்கொண்டு அதை யோசிப்பதில் பயனில்லை. ஆக, எந்த வழியில் போவதானாலும் முதலில் எடை குறையவேண்டும்.

லாப்ரடாரைப் பட்டினி போடுவது எளிதன்று. 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இந்த இனத்தில் ஒரு மரபணுக் குறையைக் கண்டறிந்தனர். உண்டது போதும் என்று மூளைக்குச் சொல்லும் செய்தி அதனால் தடைப்படுகிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு லாப்ரடாருக்கு இக்குறை உண்டு. மணிக்கு இருந்ததா என்று சோதிக்கவில்லை. ஆனால் குக்கர் விசிலுக்கு அவன் எழுந்து வரும் விதத்தைப் பார்த்தபின், அதைப் பேராசை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. இன்னோர் ஆய்வு 2002-இல் வெளியானது. 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடிகளாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுப்பதைவிட மற்றதற்கு 25 சதவீதம் குறைத்து ஆயுள் முழுவதும் ஊட்டினார்கள். குறைவாக உண்டவை சராசரியாக இரண்டாண்டுகளுக்குச் சற்றுக் குறைய அதிகம் வாழ்ந்தன. மூட்டுத் தேய்வும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. அந்த எண்ணை நினைத்துக்கொண்டுதான் அவன் கண்களைப் பார்க்காமல் தட்டை எடுத்து வைத்தோம். சோற்றைக் குறைத்து, வேகவைத்த பூசணியும் பீன்ஸும் சேர்த்தோம். பிஸ்கட் அறவே கிடையாது. தெருமுனை அரிசி மண்டியின் தராசில் பதினைந்து நாட்களுக்கொருமுறை எடை பார்த்தோம். மண்டிக்காரர் அதை மூட்டைக் கணக்குப் போலவே ஒரு சிட்டையில் எழுதிக்கொடுப்பார். 41, 40, 40, 39 என்று இறங்கிய அந்தச் சிட்டைகளை இன்னும் வைத்திருக்கிறோம்.

அடுத்து தரை. நகரத்து வீடுகளின் பளபளக்கும் டைல்ஸ், இடுப்பு தளர்ந்த நாய்க்குப் பனிக்கட்டி மாதிரி. ஒவ்வொரு வழுக்கலும் ஒரு புதிய காயம். படுக்கை, தண்ணீர்ப் பாத்திரம், வாசல் ஆகிய மூன்றையும் இணைத்து ரப்பர் பாய்களால் ஒரு பாதை போட்டோம். வீட்டுக்கு வந்தவர்கள் "என்ன, கல்யாண மண்டபத்துக் கம்பளமா?" என்றார்கள். ஒரு வாரத்தில் மணி அந்தப் பாதையை விட்டு இறங்குவதே இல்லை என்றானது.

பயிற்சி என்பது பெரும்பாலும் பொறுமைக்கான பயிற்சி. முதல் இரண்டு வாரங்கள், ஒரு நாளைக்கு மூன்று முறை, ஐந்தைந்து நிமிட நடை. மெதுவாக நடத்த வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். வேகமாகப் போனால் துள்ளித் தப்பித்துவிடுவான். மெதுவாகப் போனால் ஒவ்வொரு காலும் தன் பங்கைச் சுமந்தாக வேண்டும். பிறகு பாயின் மேல் உட்கார்ந்து எழும் பயிற்சி. தரையில் கிடத்திய நான்கு மூங்கில் கழிகளைத் தாண்டி நடப்பது. இரவில் வெந்நீர் ஒத்தடம். மருத்துவர் எழுதிய வலி மருந்தை, இரத்தப் பரிசோதனை செய்தபின், அளவோடு கொடுத்தோம். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நமக்கு வாங்கிவைத்த ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. வயிற்றில் புண்ணாகும், சிறுநீரகமும் கெடும்.

செங்கல்பட்டுக்கு அருகே உறவினர் ஒருவரின் நிலத்தில் பம்புசெட்டுத் தொட்டி உண்டு. நீர் எடையைத் தாங்கிக்கொள்ளும், தசைக்கு வேலையும் கிடைக்கும் என்று அக்டோபரில் அங்கே அழைத்துப் போனோம். லாப்ரடாரின் மூதாதைகள் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு குளிர்கடலில் வலையிழுத்தவை. மணி தொட்டியின் விளிம்பில் நின்று நீரை மோந்தான். நாங்கள் இருவரும் இறங்கி அவன் வயிற்றுக்கடியில் கைகொடுத்தோம். பத்து நொடிகளில் எங்கள் கைகளை விட்டு அகன்றுவிட்டான். தரையில் பிணங்கிய அந்தப் பின்னங்கால்கள் நீருக்குள் தனித்தனியாக, ஒழுங்காக, மாறி மாறி உதைப்பதைப் பார்த்தோம். நிலத்துக்காரர், "தம்பிக்கு நோயெல்லாம் தரையில மட்டுந்தான் போல" என்றார்.

இந்த மாதங்களில் ஒரு கேள்வி எங்களைத் தொடர்ந்து வந்தது. நெருங்கிய உறவினர் ஒருவர் நேரடியாகவே கேட்டார்: "இந்தக் காசுல ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கலாமே?" இதற்குச் சாமர்த்தியமான பதில்கள் உண்டு. நாங்கள் எதையும் சொல்லவில்லை. கேள்வி நியாயமானது. ஆனால் மணியின் நோய் வானத்திலிருந்து விழுந்ததன்று. அவன் தலையின் வடிவத்தை விரும்பியவர்களும், இடுப்பைப் பார்க்காமல் அவன் பெற்றோரை இணை சேர்த்தவர்களும், குட்டிப் பருவத்தில் கொழுக்க வைத்தவர்களும், நடை தளர்ந்ததும் சாலையோரம் இறக்கிவிட்டவர்களும் மனிதர்கள். தெருவில் இப்படியோர் இடுப்போடு பிறக்கும் குட்டி நீண்டநாள் தாக்குப்பிடிக்காது. அந்தக் குறையைப் பெருக்கிப் பாதுகாத்தது வீடுதான். விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் முறை செய்தவருக்கு 1960-இல் அச்சட்டம் விதித்த அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். ஒரு தேநீர்க் கடைக் கணக்கு. மீதிக் கணக்கை யாராவது தீர்க்கத்தான் வேண்டும் என்பதற்குமேல் எங்களிடம் தத்துவம் எதுவுமில்லை.

ஜனவரியில் எடை 33 கிலோவுக்கு வந்தது. அறுவை இப்போதைக்குத் தேவையில்லை என்று மருத்துவர் சொன்னார். கருத்தடை மட்டும் செய்யப்பட்டது. அதன்பின் அவனுக்கு வீடு தேடும் அறிவிப்பு போயிற்று. முதலில் அழைத்தவர் 'மேட்டிங்'குக்கு ஆகுமா என்று கேட்டார். இரண்டாமவர் மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. மூன்றாமவர் நோயைக் கேட்டதும் "யோசித்துச் சொல்கிறேன்" என்றார், சொல்லவில்லை. ஒவ்வோர் அழைப்பும் கைநழுவும்போது எங்களுக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. நாங்களே வைத்துக்கொண்டால் என்ன என்று இரவில் பேசிக்கொண்டோம். வைத்துக்கொண்டால் எங்கள் சிறிய வீட்டில் அடுத்து வரும் நாய்க்கு இடமிராது. ஆர்வலர்களின் பட்டியலில் அப்போதே ஆறு நாய்கள் காத்திருந்தன. எங்களை அசைத்தது அந்தக் கணக்குத்தான்.

தாம்பரம் பக்கம் தரைத்தளத்தில், மண் தோட்டத்தோடு வசிக்கும் ஓய்வுபெற்ற தம்பதியர் பிப்ரவரியில் வந்தார்கள். அந்த அம்மாள் எக்ஸ்ரேயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எனக்கும் முட்டி இப்படித்தான் இருக்கு. ரெண்டு பேரும் மெதுவா நடப்போம்" என்றார். மூன்று முறை வந்து, அவனோடு நடந்து பழகி, 2025 மார்ச்சில் அழைத்துச் சென்றனர். எடைச் சிட்டைகளின் நகல், மருந்தின் அளவு, பயிற்சிகளின் வரிசை, பிஸ்கட் கூடாது என்ற வரி அனைத்தையும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தோம். காரில் ஏற அவனுக்கென்று ஒரு சாய்பலகை செய்திருந்தார்கள். அவன் அதன் வழியே ஏறி, உள்ளே உட்கார்ந்து, தெருவைப் பார்த்தான். எங்களை அல்ல. அப்படித்தான் இருக்கவேண்டும் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அன்று மாலை குக்கர் விசில் அடித்தபோது இருவரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தோம்.

மணியின் மூட்டு குணமாகவில்லை. இனி ஆகவும் போவதில்லை. மார்கழிக் குளிரில் வலி கூடும், வயது ஏற ஏறத் தேய்வும் ஏறும். ஆனால் இப்போது அவன் தோட்டத்தில் காலையும் மாலையும் இருபது நிமிடம் நடக்கிறான். அம்மாள் மாதமொருமுறை தொலைபேசியில் எடையைச் சொல்கிறார். சென்ற முறை 32 கிலோ 800 கிராம். எண்ணூறு கிராமையும் விடாமல் சொல்கிற ஒருவரிடம் அவனைக் கொடுத்திருக்கிறோம்.