உயரக் கம்பம்: சில குறிப்புகள்

ஹாம் ரேடியோக்காரர்கள் கூடினால் முதல் கேள்வி, “உங்கள் ஆன்டெனா எத்தனை அடி?” 14 மெகாஹெர்ட்ஸில் தூர தேசங்களைப் பிடிக்க அரை அலைநீள உயரம் வேண்டும், 35 அடி வரும். மொட்டை மாடியில் ஒரு ஜி.ஐ. பைப் நட்டாலே எட்டிவிடலாம். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அதே கணக்கு 70 அடியைத் தொடும். ஆனால் பகலில் சென்னையிலிருந்து மதுரையோடு பேச 30 அடி தாராளம். உயரத்தை முடிவுசெய்யுமுன் யாரோடு பேசப் போகிறோம் என்பதை முடிவுசெய்ய வேண்டும்.

*

பைப் வாங்கும்போது எல்லாரும் அதன் கனத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள். கம்பத்தை நிறுத்துவதோ அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி. மூன்று திசையில், சம இடைவெளியில் கட்ட வேண்டும். 40 அடி என்றால் இரண்டு நிலைகளில்.

*

ஸ்டேயின் கால் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்? கம்ப உயரத்தில் முக்கால் பங்கு இருந்தால் நல்லது. இடமில்லையென்று கால் பங்கு தூரத்திலேயே முளையடித்தால், உச்சியில் காற்று தள்ளும் விசையைப்போல் நாலு மடங்குக்கு மேல் கம்பி தாங்க வேண்டும். அதே அளவு விசை கம்பத்தைக் கீழே அமுக்கும்; மெல்லிய பைப் நடுவில் வளைந்துவிடும்.

*

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஸ்டே கட்டக் கூடாது. நாலரை இன்ச் செங்கல் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டு இழுப்புக்குப் பெயர்ந்து வரும். கான்கிரீட் தூண் இருக்கும் இடம் பார்த்து ஆங்கர் போல்ட் போடுங்கள்.

*

கம்பியை மடக்கிப் பூட்டும் ‘யு’ கிளிப்பைப் பாதிப் பேர் திருப்பிப் போடுகிறார்கள். ‘யு’ வளைவு வெட்டிய நுனியின் மேல் உட்கார வேண்டும். தட்டையான அடிப்பாகம் பாரம் தாங்கும் கம்பியின் மேல். திருப்பிப் போட்டால் வளைவு பாரக் கம்பியையே நசுக்கும். ஒரு முனைக்கு மூன்று கிளிப்பாவது வேண்டும். சில நாள் கழித்து மறுபடி முடுக்க வேண்டும்.

*

1901 செப்டம்பரில் இங்கிலாந்தின் போல்டுவில் மார்க்கோனி வட்டமாக நிறுத்தியிருந்த 20 கம்பங்களும் புயலில் விழுந்தன. ஒவ்வொன்றும் 200 அடி. உச்சிகளை ஒன்றோடொன்று இணைத்துக் கட்டியிருந்ததால் ஒன்று சாய, மற்றவையும் சாய்ந்தன. அந்த டிசம்பரில் அட்லாண்டிக்கின் மறுகரையில் சிக்னலைக் கேட்டபோது அவர் ஆன்டெனாவை உயர்த்தியது ஒரு காற்றாடியால்.

போலந்தின் கான்ஸ்டான்டினூவில் 646 மீட்டர் உயர ரேடியோ கம்பம் 1991 ஆகஸ்டில் விழுந்தது. அன்று புயல் இல்லை; ஸ்டே கம்பி மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது.

*

காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்கு. இந்தியத் தர நிர்ணயப்படி சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். ஆடிக் காற்றைத் தாங்கியது என்பதால் கார்த்திகைப் புயலையும் தாங்கும் என்று நம்பக் கூடாது.

*

ஆன்டெனாவைத் தென்னையில் கட்டுபவர்கள் கயிற்றை மரத்தில் இறுக்கி முடியக் கூடாது. கப்பி வழியே விட்டு மறுமுனையில் மணல் வாளியைத் தொங்கவிட்டால், மரம் ஆடும்போது வாளி ஏறி இறங்கும். ஆன்டெனா கம்பி அறாது. மலிவான பிளாஸ்டிக் கயிறு வெயிலில் பொடிந்துபோகும்.

*

கம்பத்துக்கு எர்த் போட்டால் அதை வீட்டு எர்த்தோடு இணைத்துவிடுங்கள். தனித்தனியாக விட்டால் இடி விழும்போது இரண்டுக்கும் நடுவே உள்ள மின்னழுத்த வேறுபாடு ரேடியோ வழியாகப் பாயும்.

*

கடைசியாக: கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடம் உங்கள் வீட்டில் இல்லையென்றால், உயரக் கம்பத்தை மறந்துவிடுங்கள். தாழ்வாகக் கட்டினாலும் பேசலாம்.