காற்றின் சுவடி

தமிழ் இலக்கியம் பயிற்றும் நமக்கு வாயுக்களின் இயக்கவியற் கொள்கையோடு என்ன உறவு என்று நண்பர்கள் வினவக்கூடும். உறவு மொழி வழியே வந்தது. இயற்பியல் துறை நண்பர் ஒருவர் தமிழ்வழி மாணவர்க்கென எழுதிய பாடக் குறிப்பைப் பிழைதிருத்தித் தருமாறு நம்மிடம் கொடுத்தார். ஒற்றுப்பிழை பார்க்க உட்கார்ந்த நாம் பொருளில் சிக்கிக்கொண்டோம்.

கொள்கை சொல்வது இதுதான். வாயுவின் மூலக்கூறுகள் ஓயாது ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்றோடொன்றும், அடைத்துவைத்த கலத்தின் சுவரோடும் மோதுகின்றன. சுவரின்மீது விழும் கணக்கற்ற மோதல்களின் திரட்சியே அழுத்தம். அவ்வோட்டத்தின் சராசரி ஆற்றலையே வெப்பநிலை என்று அளக்கிறோம். சைக்கிள் டயரில் மேலும் காற்றடித்தால் அது விறைப்பதும், வெயிலில் நிறுத்தினால் இன்னும் விறைப்பதும் இதனால்தான்.

நாம் இருக்கும் அறையில் நைட்ரஜன் மூலக்கூறு ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் ஓடுகிறதாம். அப்படியாயின், திண்டிவனம் பேருந்து நிலையத்தின் ஒரு மூலையில் அவிக்கும் மல்லாட்டையின் மணம் (நிலக்கடலையை இப்பக்கத்தார் அப்படித்தான் சொல்வர்) மறுமூலைக்குக் கண்ணிமைப்பில் வந்துவிட வேண்டாமா? 1858இல் டச்சு அறிவியலாளர் பாய்ஸ் பலோட் எழுப்பிய ஐயமும் ஏறத்தாழ இதுவே. கிளாசியஸ் அவ்வாண்டிலேயே விடை சொன்னார். வேகம் உண்மைதான், ஆனால் வழி இல்லை. சாதாரணக் காற்றில் ஒரு மூலக்கூறு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட நேராக ஓடுமுன் மற்றொன்றின்மேல் மோதித் திசைமாறுகிறது. காற்று வீசித் தூக்கிச் சென்றாலன்றி, மணம் திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டவனைப்போல் தள்ளாடித்தான் வந்துசேர வேண்டும்.

நண்பரின் குறிப்பில் பெர்னூலி (1738), கிளாசியஸ் (1857), மாக்ஸ்வெல் (1860) என்ற வரிசைக்குக் கீழே, அடிக்குறிப்பில் ஒரு பெயர் தனித்து நின்றது: ஜான் ஜேம்ஸ் வாட்டர்ஸ்டன். அவர் பம்பாயில் வாத்தியாராக இருந்தவர் என்ற செய்தி நம்மைத் தடுத்து நிறுத்தியது.

எடின்பரோவில் 1811இல் பிறந்தவர். 1839இல் பம்பாய்க்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படைப் பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். பாடம் போக எஞ்சிய பொழுதில் வாயுக்களைப் பற்றிச் சிந்தித்து ஒரு கட்டுரை எழுதி, 1845இல் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். வெப்பநிலை மூலக்கூறு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதும், இரு வாயுக்கள் கலந்திருக்கையில் கனத்தவை மெதுவாகவும் இலேசானவை விரைவாகவும் ஓடி ஆற்றலைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும் என்பதும் அதில் இருந்தன. கணக்கில் சில பிழைகளும் இருந்தன. எனினும் கிளாசியஸுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முந்தியது அது.

மதிப்பீட்டாளர் ஒருவர், இது வெறும் அபத்தம், அவையில் படிக்கவும் தகுதியற்றது என்று எழுதிவிட்டார். ஒரு சுருக்கம் மட்டும் வெளிவந்தது. அவையின் முன் வைக்கப்பட்ட கட்டுரையைத் திருப்பித்தருவது அக்கழகத்தின் வழக்கமன்று. வாட்டர்ஸ்டனோ படி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. மூலம் ஆவணக் காப்பகத்துக்குப் போயிற்று.

1891இல் அக்கழகத்தின் செயலாளராயிருந்த ராலே பிரபு, வாட்டர்ஸ்டனின் வேறொரு கட்டுரையில் கண்ட குறிப்பைப் பின்பற்றித் தேடி, அதைக் கண்டெடுத்தார். மறு ஆண்டு தம் முன்னுரையுடன் அச்சேற்றினார். புதியவர்கள் முதலில் சிறிய, எளிதில் மதிப்பிடத்தக்க ஆய்வுகளால் பெயர் பெற்றுவிட்டுப் பெரியனவற்றில் இறங்குவது நல்லது என்று அம்முன்னுரையில் ஓர் அறிவுரையும் கூறினார். வாட்டர்ஸ்டன் அதைப் படிக்க இல்லை. 1883 ஜூன் 18 அன்று எடின்பரோவில் வீட்டைவிட்டுச் சென்றவர் திரும்பி வரவேயில்லை.

1892 என்ற அந்த ஆண்டு தமிழ் படித்தவர்களுக்கு வேறொன்றை நினைவூட்டும். மூன்றாண்டுகள் முன்பு, 1889இல்தான் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். அதனுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதி. நாம் நாள்தோறும் கடந்துசெல்லும் தெருக்களுக்கு ஒரு மன்னனும் ஒரு பாட்டும் உண்டென்பது ஓர் ஏட்டுக்கட்டு தப்பிப் பிழைத்ததால் தெரியவந்தது. ஒரே காலத்தில் ஒருவர் ஊர் ஊராக ஏடு தேடினார். மற்றொருவர் காப்பகத்தில் தாள் தேடினார். இருவரும் தேடாதிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று கேட்டால், விடை ஒன்றன்று. இயற்பியலுக்கு அதிகம் குறைந்திராது. காற்று எங்கும் ஒன்றுதான், வாட்டர்ஸ்டன் கண்டதைப் பிறர் மீண்டும் கண்டுவிட்டனர். பாட்டோ தொலைந்தால் தொலைந்ததுதான். நல்லியக்கோடனை இரண்டாம் முறை எவரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அந்தப் பாட்டில் உப்பு வண்டியோடு செல்லும் உமணரும் வருகின்றனர். அதில் சொல்லப்படும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்பர் ஆய்வாளர். உப்பளங்கள் இன்றும் அங்கே உள்ளன. இயக்கவியற் கொள்கையைக் கண்ணால் காண வேண்டுமானால் அங்கேதான் போகவேண்டும். பாத்தி நீரின் மேற்பரப்பில், மிக விரைந்தோடும் மூலக்கூறுகள் தம் கூட்டத்தின் பிடியை அறுத்துக்கொண்டு மேலே போய்விடுகின்றன. மேலே நின்ற ஈரத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போவதால் அவை திரும்பி விழுவது குறைகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் உப்புகள் சுமார் 35 கிராம்தான். கடல்நீரிலிருந்து ஒரு கிலோ உப்பு எடுக்க 30 லிட்டருக்கு மேல் நீர் இவ்வாறு போயாக வேண்டும். நிலத்தில் எஞ்சுவது போகமுடியாதது.

அங்கே வெயிலில் உப்பு வாருபவர் மேனியிலும் இதே கணக்குத்தான். விரைந்த மூலக்கூறுகள் வியர்வையை விட்டுப் போகும்போது எஞ்சியது குளிர்கிறது. கடலோரக் காற்றில் ஈரம் மிகுந்துவிட்டாலோ, போவதற்கு ஈடாகத் திரும்பியும் வருகின்றன. வியர்வை வழியும்; உடல் குளிராது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரு நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. பல மாத வெயில் மேலே அனுப்பியது ஓரிரவில் இறங்கிவந்ததுபோல் இருந்தது.

அப்பகுதியிலிருந்து வரும் மாணவி ஒருவர், உப்பளத்தில் தம் தாயும் பாட்டியும் வழங்கும் சொற்களைத் திரட்டி முதுகலை ஆய்வேடாக எழுதினார். பாத்தியின் வகைக்கொரு சொல், காற்றின் திசைக்கொரு சொல், உப்பு விளையும் பதத்துக்கொரு சொல். மேற்கோள் முறையில் குறைகள் உண்டு; சொற்களில் குறையில்லை. வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் ஒருவர் இலக்கியம் அன்று என்று ஒரு வரியில் எழுதித் திருப்பிவிட்டார். பாட்டி காலமாகிவிட்டார். அவரிடம் இன்னொரு முறை கேட்டு எழுதிக்கொள்ள இயலாது.

ராலே பிரபுவின் அறிவுரையை அம்மாணவிக்குச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. மேற்கோள்களைச் சேர்ந்து அமர்ந்து திருத்தினோம். மீண்டும் அளித்திருக்கிறோம், முடிவு வரவில்லை. மூன்று படிகள் எடுத்திருக்கிறோம். ஒன்று துறை நூலகத்தில், ஒன்று நம் அலமாரியில், ஒன்று அவர் தாயிடம்.