பொம்மசந்திராவில் ஒரு முகம் எழுதிய கதை

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் நாட்டுப் பழமொழி. பிழைப்பை நாடி வெளியூர் வந்து, வாடகை வீட்டில் குடியிருக்கும் நம்மவர்க்கு இப்பழமொழி சற்று வேறு விதமாகப் பொருள்படும். நமக்குச் சுவர் உண்டு. ஆனால் அதில் ஓர் ஆணி அடிக்கும் உரிமை நமக்கு இல்லை. எங்கள் வீட்டு முன்னறையிலும் பல்லாண்டுக் காலம் நாட்காட்டி ஒன்று மட்டுமே சன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்று அந்த அறையில் ஒரு முகம் எங்களை நோக்கிக்கொண்டிருக்கிறது. அது வந்த வரலாற்றை வாசக அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

நாங்கள் வாழும் பொம்மசந்திரா, பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டியையும் ஹெப்பகோடியையும் கடந்து, சந்தாபுரத்திற்கு முன்னதாக அமைந்த தொழிற்பேட்டை. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. காலை ஷிப்டு தொடங்கும் நேரத்தில் தேநீர்க் கடை வாயிலில் நின்றால் கன்னடமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் ஒருங்கே காதில் விழும். இதய நோய்க்குச் சிகிச்சை பெறத் தொலைதூரத்திலிருந்து வருவோர் கையில் மருத்துவக் கோப்புடன் வழி கேட்டு நிற்பர். தெற்கு நோக்கிப் பேருந்து ஏறி அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. ஊர் அவ்வளவு அண்மையில் இருந்தும், ஆண்டுக்கு இருமுறை போய் வருவதற்குள் ஆயுள் கழிந்துவிடுகிறது.

எங்கள் பெரியப்பா பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து 1989-ல் இங்கு வந்தவர். லேத் இயந்திரத்தின் முன் நின்றே முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்தார். அவர் கைப்பிடித்து எங்கள் தந்தையும் வந்தார். தந்தை காலமானபோது மாலையிட்டு வைக்க வீட்டில் ஒரு நல்ல படம் இல்லை. ஆலை அடையாள அட்டையிலிருந்த தபால்தலை அளவுப் படத்தையே பெரிதாக்கினோம். பெரிதாக வந்த முகத்தில் கண்கள் இரண்டும் கரும்புள்ளிகளாய் நின்றன. அது யாரோ ஒருவரின் முகம். அன்று எங்கள் தம்பி ஒன்றும் பேசவில்லை. ஆனால் அதற்கடுத்த ஆண்டே, வாரத்தில் ஆறு நாள் ஆலை வேலையும் ஞாயிற்றுக்கிழமையில் ஓவியப் பயிற்சியுமாக இருக்கத் தொடங்கினான்.

பயிற்சிக்கூடம் என்பது ஒரு மாடியின் மேல், தகரக்கூரை வேய்ந்த நீண்ட அறை. வடக்குப் பக்கம் மட்டும் பெரிய சன்னல். கதிரவன் நேரே புகும் அறையில் நிழல் ஓடிக்கொண்டே இருக்கும். வடக்கு வெளிச்சமோ நாழிகைக் கணக்கில் மாறாது நிற்கும். சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியுமட்டும் நண்பகல் வெயில் நம் ஊர்களில் வடக்கே சற்றுச் சாய்வதால், அம்மாதங்களில் அந்தச் சன்னலுக்கும் வெள்ளைத் திரை கட்டுவர். அறை நடுவே ஒரு சாண் உயர மேடை. அதன் மேல் ஒரு நாற்காலி. புகைப்படத்தைப் பார்த்து எழுதாமல், எதிரே ஓர் ஆளை அமர்த்தி அவர் முகம் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் எழுதுவதே அங்குப் பயிற்சி. அமர்பவர்க்கு மணிக்கணக்கில் கூலி கொடுப்பர்.

பொங்கலோடு பெரியப்பா பணி முடித்து நிரந்தரமாக ஊர் திரும்புவது என்று முடிவாயிற்று. "போவதற்கு முன் எனக்காக உட்கார வேண்டும், பெரியப்பா" என்றான் தம்பி. ஓவியம் சோறு போடாது என்று நெடுநாள் கடிந்துவந்தவர் அவர். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "உட்காருவதற்குக் கூலி கிடைக்குமாடா?" என்றார். சம்மதம் என்று கொண்டோம்.

மார்கழி முதல் ஞாயிறு. மேடையில் அவரை அமர்த்தி, அவருடைய பாதங்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடிட்டனர். இடையில் எழுந்து சென்றாலும் மீண்டும் அதே இடத்தில் அமர வேண்டுமல்லவா? இருபது நிமிடம் அமர்வு, ஐந்து நிமிடம் ஓய்வு என்பது ஏற்பாடு. எட்டு மணி நேரம் நின்றே உழைத்தவர்க்கு இருபது நிமிடம் உட்காருவது எம்மாத்திரம் என்று நாங்கள் எண்ணினோம். அதுவே பெரும்பாடாயிற்று. வேலையற்ற கைகளை எங்கு வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. இறுதியில் வலக்கையை இடக்கையின் மேல் கிடத்தினார். ஒரு விரலில் பழைய வெட்டுத் தழும்பு. அதை மறைக்க முயன்றார். "அதுவும் வேண்டும், பெரியப்பா" என்றான் தம்பி.

தம்பி தூரிகையைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரல் நுனியால் நெற்றியின் நீளத்தையும் மூக்கின் நீளத்தையும் ஒப்பிட்டு அளந்தான். அதைக் கண்ட பெரியப்பாவின் முகம் மாறிற்று. "நீயும் அளவுதான் எடுக்கிறாயா?" என்று வினவினார். "அளவு தப்பினால் ஆள் மாறிவிடும், பெரியப்பா." மைக்ரோமீட்டரோடு வாழ்நாள் முழுதும் பழகிய அந்தக் கிழவர்க்கு அச்சொல் மிகவும் பிடித்துவிட்டது. அதன்பின் அவர் அசையவில்லை.

முதல் நாளில் மண்ணிறத்தை டர்ப்பன்டைனில் நீர்க்கக் கரைத்துக் கித்தானில் ஒளியையும் நிழலையும் மட்டும் பிரித்து வைத்தான். கண்ணில்லை, வாயில்லை, ஆயினும் இருபதடி தள்ளி நின்று பார்த்த எங்களுக்கு அது பெரியப்பாதான் என்று தெரிந்தது. நாம் ஒருவரைத் தெருக்கோடியில் கண்டே இன்னார் என்று அறிவது கண்ணாலும் மூக்காலும் அன்று. தலை தாங்கும் விதத்தாலும் தோள் சரியும் விதத்தாலும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

இரண்டாம் அமர்வுக்கு ஒரு வாரம் காத்திருக்க நேர்ந்தது. எண்ணெய் வண்ணம் நீர் உலர்வதுபோல் உலர்வதில்லை. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெல்ல இறுகுகிறது. அடியில் எண்ணெய் குறைந்த பூச்சும் மேலே எண்ணெய் மிகுந்த பூச்சுமாக இட வேண்டும். முறை மாறினால் நாளடைவில் மேற்பரப்பு வெடிக்கும்.

அந்த இரண்டாம் நாளில் நாங்கள் கண்டது வியப்பு. கரிய முகத்தை எழுதத் தம்பி கறுப்பு வண்ணத்தைத் தொடவே இல்லை! சுட்ட செம்மண் நிறத்தையும் அல்ட்ராமரின் நீலத்தையும் குழைத்தே ஆழ்ந்த கருமையைப் பெற்றான். நெற்றி மேட்டில் சன்னல் வழியே வந்த வானத்தின் நீலம் படிந்திருந்தது. காது மடலிலும் மூக்கு நுனியிலும் இரத்தத்தின் செம்மை. மோவாய்க்கு அடியில் வெள்ளைச் சட்டையிலிருந்து மேலெழுந்த ஒளி. நம் நிறத்தைக் கறுப்பு என்ற ஒரே சொல்லில் அடக்கிப் பிறரும் பேசுகின்றனர், நாமும் பேசுகிறோம். உற்று நோக்கினால் அதில் எத்தனை நிறங்கள்!

இடையே ஒரு விடுப்பு நாளில் பெரியப்பாவைக் கர்நாடக சித்ரகலா பரிஷத்திற்கு அழைத்துச் சென்றோம். முன்னாளில் அது நெரிசலில் நெடும்பொழுது கழிக்கும் பேருந்துப் பயணம். 2025 ஆகஸ்டு 10-ல் மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டபின், பொம்மசந்திராவிலேயே ஏறி, பதினாறாவது நிலையமான ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, சம்பிகே ரோட்டில் இறங்கிவிடலாம். குமாரகிருபா சாலையில் உள்ள அந்நிறுவனம் 1960-ல் தோன்றியது. ஆண்டுதோறும் ஜனவரித் தொடக்கத்தில் அச்சாலை முழுதும் சித்திரச் சந்தை கூடும். வழிப்போக்கரை முக்காலியில் அமர்த்தி, சில நிமிடங்களில் முகம் வரைந்து தருவோரை அங்கே நிறையக் காணலாம்.

பரிஷத்தில் ரோரிக் தந்தை மகன் இருவரின் ஓவியங்களுக்கெனத் தனிக்கூடம் உண்டு. மகன் ஸ்வெதொஸ்லாவ் ரோரிக் 1904-ல் ரஷ்யாவில் பிறந்தவர். நடிகை தேவிகா ராணியை 1945-ல் மணந்து, பின்னர்ப் பெங்களூருக்கு அருகே கனகபுரா சாலையில் தாதகுனித் தோட்டத்தில் வாழ்ந்து, 1993-ல் மறைந்தார். 1942-ல் நேரு குலுப் பள்ளத்தாக்கில் இவர்கள் இல்லத்தில் தங்கியபோது அவரை நேரில் கண்டு எழுதியவர் இவரே. நாடாளுமன்ற மைய மண்டபத்தில் 1966-ல் திறந்துவைக்கப்பட்ட நேருவின் படமும் இவர் கைவண்ணமே. "பெரிய மனிதர்களைத்தான் எழுதுவார்களோ?" என்று பெரியப்பா மெல்லக் கேட்டார். சென்னைக் கடற்கரையில் 1959-ல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை நினைவூட்டினோம். அதை வடித்த தேவிபிரசாத் ராய் சௌதுரி, தாம் முதல்வராயிருந்த கலைப்பள்ளியின் காவலாளி ஒருவரையே மாதிரியாக நிறுத்தினார் என்பர். பெரியப்பா தலையசைத்துக்கொண்டார்.

திரும்பும் வண்டியில் தம்பி மற்றொரு வரலாறு சொன்னான். இளம் ரவி வர்மா திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது, எண்ணெய் வண்ண வித்தை அறிந்த அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் அதைக் கற்றுத்தர மறுத்தாராம். அவருடைய மாணாக்கரான ஆறுமுகம் பிள்ளை என்னும் தமிழர், ஆசானுக்குத் தெரியாமல் இரவில் வந்து சொல்லிக்கொடுத்தாராம். 1868-ல் அங்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பியரோ, தாம் எழுதுவதை அருகிருந்து பார்க்க மட்டுமே இசைந்தாராம். 1873-ல் சென்னைக் கண்காட்சியில் ரவி வர்மா பொற்பதக்கம் பெற்றார். அவர் பெயர் நாடெங்கும் பரவியது. இரவில் வந்தவரின் பெயரை எத்தனை பேர் அறிவர்? "சொல்லிக்கொடுத்தவன் கையும் அந்தப் படத்தில் இருக்குமடா" என்றார் பெரியப்பா. தம்பிக்கு முதன்முதலில் லேத்தில் ஜாப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தாம்.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறன்று மூன்றாம் அமர்வு. அன்று கண்களையும் வாயோரத்தையும் எழுதினான். வாயோரம் ஒரு நூலளவு உயர்ந்தால் ஏளனம், தாழ்ந்தால் துயரம். மூன்று முறை துடைத்து எழுதினான். மாலை ஐந்து மணிக்குத் தூரிகையை வைத்தான். பெரியப்பா மேடையை விட்டு இறங்கி வந்து, படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு, "உன் அப்பன் சாயல் இதில் இருக்கிறது" என்றார்.

எங்களில் ஒருவராலும் மறுமொழி கூற இயலவில்லை. உண்மையிலேயே இருந்தது. அண்ணன் தம்பி இருவர்க்கும் பொதுவான அந்தக் கன்ன எலும்பையும், புருவத்துக்குக் கீழே விழும் நிழலையும் இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டிலிருந்தும் நாங்கள் கண்டதில்லை. மூன்று ஞாயிறுகள் உட்கார்ந்து பார்த்தபின்னரே அவை வெளிப்பட்டன.

வண்ணம் காயவில்லை, பேருந்தில் கொண்டுபோக முடியாது. காய்ந்ததும் ஊருக்கு எடுத்துவருகிறோம், சொந்தச் சுவரில் மாட்டலாம் என்றோம். பெரியப்பா மறுத்துவிட்டார். "ஊரில் என்னை எல்லோருக்கும் தெரியும். இங்கேதான் முப்பத்தைந்து வருஷம் இருந்தும் யாருக்கும் தெரியாது. படம் இங்கேயே இருக்கட்டும்."

அவர் ஊர் சென்ற மறுவாரம் வாடகை வாங்க வந்த வீட்டுக்கார அம்மாள், நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த படத்தைக் கண்டு நின்றார். நம்ம மேஸ்திரியல்லவா என்று கன்னடத்தில் கேட்டார். சிறிது நேரம் பார்த்தார். பின்னர், நாற்காலியில் வைத்தால் பிள்ளைகள் தட்டிவிடுவார்கள், ஓர் ஆணி அடித்துக்கொள்ளுங்கள் என்று கூறிச் சென்றார்.

அன்பர்களே, எல்லோர் வீட்டிலும் எண்ணெய் வண்ணம் எழுதும் பிள்ளை இருத்தல் அரிது. ஆயினும் பென்சில் பிடிக்கும் பிள்ளை இல்லாத வீடு இல்லை. அடுத்த ஞாயிறு கைப்பேசியைச் சற்றே ஒதுக்கி வைத்து, பாட்டியையோ தாத்தாவையோ சன்னலருகே அமர்த்தி, பிள்ளையை எதிரே உட்கார்த்துங்கள். படம் கோணலாக வரலாம், அதனால் குற்றமில்லை. இருபது நிமிடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பதே பெரிது. நாங்கள் தந்தைக்கு அதைச் செய்யத் தவறினோம், நீங்கள் தவறாதீர்கள்.