அளவுக்கு வெட்டுதல்

கார்களின் டேஷ்போர்டில் பாட்டுப் பெட்டிக்கென்று விடப்பட்டிருக்கும் குழிக்கு ஓர் அளவு உண்டு. அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 மில்லிமீட்டர். செங்கல்லின் நீண்ட பக்கத்தைவிடச் சற்றே சிறியது. இந்த அளவை வகுத்தது 1917-இல் தோன்றிய ஜெர்மானியத் தர நிறுவனம். அந்நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கமே 'டின்'. அவர்கள் 75490 என்று எண்ணிட்ட அளவு, 1984-இல் ஐ.எஸ்.ஓ. 7736 என்ற பெயரில் உலகப் பொது அளவாயிற்று. அகலம் அப்படியே இருக்க, உயரம் மட்டும் 100 மில்லிமீட்டராக இரட்டித்தால் அது 'டபுள் டின்'. சிம்மக்கல் பக்கத்துக் கடைகளில் "சிங்கிள் டின்னா, டபுள் டின்னா?" என்று கேட்கும்போது நல்லெண்ணெய் வாங்க வந்தவர்களைப் போல ஒரு கணம் நிற்க நேர்கிறது. தமிழ் படித்தவர்களுக்கு அது தகரம். கடைக்காரருக்கு ஓர் ஊரின் சட்டம்.

அளவு என்ற சொல்லைக் கட்டுப்பாடு என்ற பொருளிலேயே நாம் பெரும்பாலும் கேட்டுப் பழகியிருக்கிறோம். இந்தக் குழியின் கதை வேறு. குழியின் அளவை எல்லோரும் ஒப்புக்கொண்டதால், எந்த நிறுவனத்தின் பெட்டியும் எந்த நிறுவனத்தின் காரிலும் உட்கார முடிந்தது. வானொலி போய் ஒலிநாடா வந்தது, ஒலிநாடா போய்க் குறுந்தகடு வந்தது, அதுவும் போய் விரல் நீளத்து நினைவகக் குச்சி வந்தது. வந்தவை எல்லாம் அந்த ஒரே வாசல் வழியாகவே வந்தன. வாசலின் அளவு உறுதியாக இருந்ததால்தான் வருகிறவர் யார் என்று கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

நமக்கு இது புதிதன்று. சங்க அகப்பாடல்களைத் தொகுத்தவர்கள் அடிக்கணக்கையே வாசலாக வைத்தார்கள். 4 முதல் 8 அடி வரை குறுந்தொகை, 9 முதல் 12 வரை நற்றிணை, 13 முதல் 31 வரை அகநானூறு. பாடியவர் அரசரா, கொல்லரா, பெயரே தெரியாதவரா என்பது அங்கே கேள்வியாகவில்லை. அடியளவு பொருந்தினால் இடம் உண்டு. நற்றிணையையும் அகநானூற்றையும் தொகுக்கச் செய்தவர்கள் பாண்டியர்கள் என்பதால், இந்த ஏற்பாட்டில் எங்கள் ஊருக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். இதில் வியப்பான செய்தி ஒன்று: குறுந்தொகையின் 307, 391 ஆகிய இரு பாடல்களும் 9 அடி உடையவை. எட்டடி எல்லையைத் தாண்டிய அவை அங்கேயே இருக்கின்றன. பாட்டின் வாலை நறுக்கி யாரும் எட்டடியாக்கவில்லை.

இனி எங்கள் காருக்கு வருவோம். 2007-இல் வாங்கிய சிறிய கார். அதில் ஒலிநாடா ஓடும் சிங்கிள் டின் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பொருத்தியிருந்தோம். குறுந்தகடு பரவிவிட்ட அந்த நாளில் கடைக்காரர் எங்களைச் சற்று இரக்கத்தோடு பார்த்தார். காரணம் எங்கள் அலமாரியில் இருந்த 11 ஒலிநாடாக்கள்.

2001-இல் முதுகலை இறுதியாண்டுத் திட்டக் கட்டுரைக்காக, ஒரே வகுப்பில் படித்த நாங்கள் இருவரும் சோழவந்தான், தேனூர், அலங்காநல்லூர்ப் பக்கத்து வயல்வெளிகளில் நடவுப் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் பதிந்தோம். கட்டுரை மதிப்பெண் பெற்றுக் கட்டுக்குள் போயிற்று. நாங்கள் மணம் செய்துகொண்டோம். ஒருவர் கல்லூரியிலும் மற்றவர் பள்ளியிலும் ஆசிரியரானோம். நாடாக்கள் மட்டும் எங்களோடு வீடு மாறிக்கொண்டே இருந்தன. பாடிய பெண்களில் பெரும்பாலோர் அன்றே அறுபதைத் தாண்டியவர்கள். இன்று எங்களுக்குத் தெரிந்து இருவர்தாம் உயிரோடு இருக்கிறார்கள்.

நாட்டுப்பாடல்களை அச்சில் ஏற்றியவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964-இல் வந்திராவிட்டால் எங்களைப் போன்றோருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிந்திருக்காது. ஆயினும் அச்சுப் பக்கமும் ஒரு குழிதான். சொல் அதற்குள் பொருந்தும், குரல் பொருந்தாது. எங்கள் நாடா ஒன்றில் ஒரு மூதாட்டி தாலாட்டின் நடுவே நிறுத்திக் கோழியை விரட்டுகிறார், "கேக்குதா பிள்ளைகளா?" என்று எங்களைக் கேட்கிறார், விட்ட அதே சுருதியில் மீண்டும் பிடிக்கிறார். கட்டுரையில் அந்த இடத்தை மூன்று புள்ளிகளாக எழுதினோம்.

வீட்டு டேப் ரிக்கார்டர்கள் ஒவ்வொன்றாகக் கண் மூடிய பிறகு, எஞ்சியது காரில் இருந்த பெட்டிதான். கார் நல்ல ஒலிப்பதிவு அறையும்கூட. இரவு பதினோரு மணிக்குமேல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தால் தெருவின் ஓசை பாதியாகக் குறைந்துவிடும். பெட்டியின் பின்புறத்துச் சிவப்பு வெள்ளை முனைகளில் கம்பி செருகி மடிக்கணினியில் நாடாக்களைப் பிரதியெடுத்து வந்தோம். 60 நிமிட நாடாவுக்கு 60 நிமிடமே ஆகும், அவசரப்படுத்த வழியில்லை. ஏழு முடிந்தன. நான்கு பாக்கி.

இந்த நிலையில்தான் பெரிய திரை கொண்ட பெட்டி தேவைப்பட்டது. ஆடம்பரத்துக்காக இல்லை. எங்களில் ஒருவருக்குக் கழுத்தெலும்புத் தேய்வு. முழுதாகத் திரும்பிப் பார்க்க முடியாது. நாங்கள் குடியிருக்கும் சந்து, கார் நுழைந்தால் சைக்கிள் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்து. மாலையில் அங்கே குழந்தைகள் பம்பரம் விடுகிறார்கள். பின்னால் எடுக்கும்போது கண்ணாடியில் தெரியாத உயரத்தில் ஒரு குழந்தை குனிந்திருக்கலாம் என்ற அச்சம், வண்டியைத் தொடும்போதெல்லாம் எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டது. 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்னோட்ட உணர்கருவி கட்டாயம். எங்கள் காருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அச்சம் பொருந்தும். பின்புறம் ஒரு கேமரா, முன்புறம் அதைக் காட்ட ஒரு திரை. திரைக்கு டபுள் டின் வேண்டும். குழியோ சிங்கிள் டின்.

ஆகவே ஒருவருக்குத் திரை, மற்றவருக்கு நாடா என்று வழக்கு எழுந்தது. எங்களில் யார் எந்தப் பக்கம் என்று எழுதாமல் விடுகிறோம். மூன்று வார இரவுச் சாப்பாட்டில் இருவருமே பக்கம் மாறிவிட்டோம்.

வைகையை நோக்கி இறங்கும் ஒரு சந்தில் இருந்தது பட்டறை. அதன் உரிமையாளர் கத்தியை எடுப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினார். பழைய பெட்டியை உருவிவிட்டு, குழிக்குள் டார்ச் அடித்து, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். வெகுநேரம் துழாவினார்.

"என்னண்ணே பாக்குறீங்க?"

"வெட்டுனா ஒட்ட முடியாது சார். வெட்றதுக்கு முந்தி, பின்னாடி எது எதத் தாங்கி நிக்குதுன்னு பாக்கணும்ல?"

குழிக்குக் கீழே சில்லறை போட்டுவைக்கும் ஒரு சிறு பொந்து; இரண்டுக்கும் இடையே ஒரு பிளாஸ்டிக் விட்டம். அந்த விட்டத்தை எடுத்தால் இரட்டைக் குழி கிடைத்துவிடும் என்பது எங்களுக்கே தெரிந்தது. அந்த விட்டத்தின் பின்னால் ஏசிக் காற்றுக் குழாய் ஒரு கட்டைவிரல் தூரத்தில் போகிறது என்பதும், பலகையின் நடுப்பகுதியை இறுக்கும் இரண்டு திருகுகள் அதில்தான் இருக்கின்றன என்பதும் அவர் விரலுக்கே தெரிந்தன. அவற்றுக்கு மாற்றுப் பிடி கொடுக்காமல் வெட்டினால் ஆறு மாதத்தில் பலகை முழுதும் கடகடவென்று ஆடும் என்றார்.

பிறகு பலகையைக் கழற்றிக் கவிழ்த்து, உட்புறத்தில் அச்சிட்டிருந்த சிற்றெழுத்துகளைக் காட்டினார். பிளாஸ்டிக் எந்த இனம் என்பதை அங்கே குறித்திருப்பார்கள். ஏபிஎஸ் இனமாக இருந்தால் அசிட்டோன் கரைக்கும்; அதே இனத்துத் தூளைக் கரைத்துப் பூசினால் விரிசல் கூடும். பாலிபுரொப்பிலீன் இனத்தில் சாதாரணப் பசை நிற்காது; சூடுவைத்து உருக்கித்தான் இணைக்க வேண்டும், அல்லது திருகுதான். எங்களுடையது இரண்டாவது வகை. ஆகவே அலுமினியப் பட்டையை வளைத்துத் திருகினார்.

மின்வெட்டுக் கருவியை அவர் தொடவில்லை. வேகமாகச் சுழலும் தகடு பிளாஸ்டிக்கை வெட்டாது, உருக்கும். உருகியது தகட்டின் பின்னாலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். துணி சுற்றிய ஹேக்ஸா பிளேடால் கோட்டுக்கு உள்ளே இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அறுத்தார். மிச்சத்தை அரத்தால் ராவிக் கோட்டுக்கு வந்தார். பின்பு உப்புத்தாள்.

அப்போது எங்களுக்கு ஓர் ஆசை வந்தது. அறுக்கிறதே அறுக்கிறோம், இன்னும் சற்று அகலமாக அறுத்தால் ஒன்பது அங்குலத் திரையே வைக்கலாமே! அவர் அரத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அந்தச் செட்டுக்கு மட்டும்னு வெட்டுனா, அது போச்சுன்னா குழியும் போச்சு டீச்சர். அளவுக்கு வெட்டுனாத்தான் நாளைக்கு வேற எது வந்தாலும் உக்காரும்."

நாங்கள் வகுப்பில் எத்தனையோ முறை 'மரபு' பற்றிப் பேசியிருக்கிறோம். புதியன புகுதல் பிழையன்று என்று சொல்லி முடிப்பதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். புகுகின்ற புதியதற்கு எவ்வளவு இடம் வெட்டுவது, அடுத்து வரப்போகும் அறியாத விருந்தினருக்கு அந்த வெட்டு உதவுமா என்ற கேள்வி எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. ஒன்பதடிப் பாட்டு இரண்டைத் தம்மிடையே இருத்திக்கொண்ட பிறகும் குறுந்தொகை எட்டடி நூலாகவே நீடிக்கிறது. அந்த அறிவுக்கு அருகில் இருந்தது அவர் சொன்னது.

பழைய பெட்டியை என்ன செய்வது? இருக்கைக்கு முன்னே பலகைக்குக் கீழே தொங்கவிடலாம் என்றோம். முழங்கால் இடிக்கும், மோதினால் எலும்பே போகும் என்று மறுத்துவிட்டார். கடைசியில் இடப்பக்கத்துக் கையறைப் பெட்டிக்குள், எதையும் வெட்டாமல், இரும்புப் பட்டையில் அதை உட்கார்த்தினார். எப்போதும் மின்சாரம் வேண்டிய மஞ்சள் கம்பி, சாவி போட்டால் உயிர் பெறும் சிவப்பு, தரையிணைப்புக் கறுப்பு ஆகிய மூன்றையும் நீட்டினார். அதன் ஒலி புதிய பெட்டியின் வழியாக ஒலிபெருக்கிக்குப் போகிறது. கூலி 1,500 ரூபாய். கேமரா, ரிவர்ஸ் கியர் போட்டால் எரியும் விளக்கின் கம்பியோடு இணைந்திருக்கிறது. கியர் விழுந்ததும் திரையில் சந்து தெரிகிறது, பம்பரமும் தெரிகிறது.

இதைப் படித்துவிட்டு யாரேனும் ஹேக்ஸா பிளேடைத் தேடுவதற்கு முன் ஒரு சொல். எங்கள் காரில் காற்றுப்பை கிடையாது. 2021 முதல் புதிய கார்களில் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயம். அத்தகைய வண்டியின் டேஷ்போர்டு வெறும் முகப்பு அன்று. உயிர்காக்கும் பொறியின் மூடி. அதில் கைவைப்பது தவறு. இன்றைய வண்டிகள் பலவற்றில் குழியே இல்லை என்பதும் உண்மை. திரை, பாட்டு, ஏசி எல்லாம் ஒரே பலகையாய் வார்க்கப்பட்டு வருகின்றன. பார்வைக்கு அழகு. வேறொன்று வந்து உட்கார அங்கே இடமில்லை.

பாக்கி நான்கு நாடாக்களில் இரண்டைப் பிரதியெடுத்துவிட்டோம். மூன்றாவதில் குரல் தடித்து இழுபட்டது. பெட்டிக்குள் சுழலும் ரப்பர் பெல்ட் தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடும். பாட்டியின் குரல் தாத்தாவின் குரலாகிவிடும். திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில், செத்துப்போன டேப் ரிக்கார்டர்களின் குவியலில் இரண்டு வாரம் தேடி, அளவு பொருந்திய ஒரு பெல்ட்டை எடுத்தோம். பத்து ரூபாய்.

இத்தகைய நாடாக்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கள ஆய்வுப் பதிவாக, பட்டிமன்றமாக, வெளிநாட்டிலிருந்து பேசி அனுப்பிய கடிதமாக. மதுரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அவற்றை விட்டுவைக்காதீர்கள், கூடு வளைந்துவிடும். ஒலிபெருக்கிக்கு அருகிலும் வேண்டாம், அதில் காந்தம் இருக்கிறது. ஓட்டிக் கேட்கக் கருவி இல்லையென்றால் எழுதுங்கள். எங்கள் கையறைப் பெட்டியில் ஒன்று வேலை செய்கிறது. ஓர் இரவு வேண்டும், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் பேசாமல் உட்காரும் பொறுமை வேண்டும். சந்துக்குள் வண்டியைப் பின்னால் எடுப்பதில் இப்போது அச்சமில்லை.